மலையில் தொலைந்த விமானம். கோப்பில் தொலைந்த வீரர்கள்

புது தில்லி: ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ம் தேதி மும்பைத் துறைமுகத்தில் தீயணைப்புப் படையினர் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகின்றனர். 1944-ம் ஆண்டு அதே நாளில், விக்டோரியா டாக்கில் நின்றிருந்த 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயை அணைக்கச் சென்று திரும்பாத 66 வீரர்களின் நினைவாகத்தான் நாடு முழுவதும் தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

துறைமுகத்தின் சரக்கு ரயில்பாதை பல்லார்டு பியரில் தொடங்கி வடாலாவில் முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயில் இறங்கிய தளவாடங்கள் நாட்டின் உட்பகுதிக்குச் செல்ல இந்தப் பாதையே வழி. வடாலா, ஆண்டாப்ஹில், மாதுங்கா பகுதிகளில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் துறைமுகத்தில் உழைத்த தாத்தா ஒருவராவது இருப்பார். அந்த வீடுகளின் பெரியவர்களுக்கு 1944 என்றால் கப்பல் வெடித்த ஆண்டு. அதே ஆண்டில், பம்பாய்க் கப்பல்துறையில் வந்திறங்கிய அமெரிக்கப் படையினர் ரயிலேறிச் சென்ற கிழக்கு எல்லையில் வேறொரு மரணக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மலர்வளையம் வைக்க ஆள் வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தக் கணக்கைத் தேடிப் போனால் அருணாசலப் பிரதேசத்தின் சியாங் மலைச்சரிவு வழியாக இறுதியில் தில்லி நாடாளுமன்றத்துக்கே வந்து நிற்க நேரிடுகிறது.

1944 ஜனவரி 25. சீனாவின் குன்மிங் நகரிலிருந்து அசாமின் சாபுவா விமான தளத்துக்கு 'பி-24 லிபரேட்டர்' ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று புறப்பட்டது. 'ஹாட் ஆஸ் ஹெல்' என்று அதற்கு வீரர்கள் பெயர் சூட்டியிருந்தனர். நரகம்போல் கொதிப்பது என்று பொருள். விமானத்தில் எட்டுப் பேர். மோசமான வானிலை. விமானம் சாபுவாவை அடையவே இல்லை.

குண்டுவீச்சு விமானத்துக்கு அசாமில் என்ன வேலை என்ற கேள்வி எழலாம். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் சீனாவுக்கான தரைவழி அடைபட்டது. சியாங் கை ஷேக்கின் படைகளுக்கும் சீனாவில் இருந்த அமெரிக்க விமானப் படைக்கும் பெட்ரோல் முதல் துப்பாக்கி ரவை வரை அனைத்தும் அசாமிலிருந்து இமயத்தின் கிழக்கு முனையைத் தாண்டி வான்வழியே செல்ல வேண்டியதாயிற்று. விமானிகள் இந்தப் பாதைக்கு வைத்த பெயர் 'ஹம்ப்', அதாவது திமில். 1945 நவம்பர் வரை நீடித்த இந்த வான்பாலத்தின் வழியே சுமார் 6.5 லட்சம் டன் சரக்கு சென்றது. சுமார் 600 விமானங்கள் விழுந்தன. விழுந்து கிடந்த உலோகத்தைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கலாம் என்ற கசப்பான வேடிக்கையில், 'அலுமினியப் பாதை' என்ற பெயரும் வந்தது.

சீனாவில் இருந்த 308-வது குண்டுவீச்சுப் பிரிவின் நிலை இன்னும் மோசம். ஜப்பானியர் மீது ஒருமுறை குண்டு வீச வேண்டுமானால், அதற்கான பெட்ரோலையும் குண்டுகளையும் அந்த விமானங்களே இந்தியாவுக்குப் பலமுறை பறந்து வந்து தாமே சுமந்துசெல்ல வேண்டும். எதிரியின் பீரங்கியைவிட இமயத்தின் காற்றுக்கு அதிகம் அஞ்சியவர்கள் அவர்கள். மணிக்கு நூறு மைல் வேகத்துக்கும் அதிகமாக வீசும் காற்று, இறக்கையில் படியும் பனி, மேகத்துக்குள் மறைந்திருக்கும் சிகரங்கள், சரியான வரைபடம்கூட இல்லாத காடு. காற்று சற்றே வடக்கே தள்ளினாலும் விமானம் சியாங் பள்ளத்தாக்கின் மலைகளில் மோத வேண்டியதுதான். 'ஹாட் ஆஸ் ஹெல்' விமானத்துக்கும் அதுவே நேர்ந்தது. ஆனால் இது தெரிய 62 ஆண்டுகள் ஆயின.

தேடியவர் அரசாங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த வணிகரும் மலையேறுபவருமான கிளேட்டன் கூல்ஸ் என்பவர், சொந்தச் செலவில் பர்மாவிலும் வடகிழக்கு இந்தியாவிலும் விமானச் சிதைவுகளைத் தேடி அலைந்தவர். செயற்கைக்கோள் படங்களைவிட வேட்டைக்காரர்களின் நினைவையே அவர் அதிகம் நம்பினார். கிராமம் கிராமமாகச் சென்று, காட்டுக்குள் இரும்பு கிடக்கும் இடம் எது என்று கேட்பார். மலைவாழ் மக்களுக்கு அந்த இடங்கள் தெரியும். விழுந்த விமானங்களின் அலுமினியத் தகடுகள் பல வீடுகளில் பாத்திரமாகவும் கத்தியாகவும் மாறியிருந்தன. ஊராருக்கு அது ரகசியமே அல்ல. கேட்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

2006-ம் ஆண்டின் இறுதியில், மேல் சியாங் மாவட்டத்தில் ஆதி பழங்குடியினர் வாழும் தாம்ரோ கிராமத்துக்கு மேலே உள்ள மலைச்சரிவில் ஒரு பெரிய விமானத்தின் சிதைவுகளை ஊர் மக்கள் அவருக்குக் காட்டினர். அது எந்த விமானம் என்பதை உறுதிசெய்வதுதான் அடுத்த வேலை.

தில்லியில் கோப்புகளோடு பழகியவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும்: எண் இருந்தால் பொருள் கிடைக்கும். போர்க்காலத்தில் அமெரிக்க விமானம் ஒன்று திரும்பாவிட்டால் உடனே ஓர் அறிக்கை தட்டச்சு செய்யப்படும். விமானத்தின் வால் எண், நான்கு என்ஜின்களின் தனித்தனி எண்கள், பொருத்தப்பட்டிருந்த ஒவ்வொரு இயந்திரத் துப்பாக்கியின் எண், புறப்பட்ட நேரம், கடைசியாகத் தொடர்பு கிடைத்த இடம், அன்றைய வானிலை, விமானத்தில் சென்ற ஒவ்வொருவரின் பெயர், அவருடைய நெருங்கிய உறவினரின் முகவரி. இவை அனைத்தும் அதில் இருக்கும். அந்த அறிக்கைகள் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு, பின்னர் பொதுமக்கள் பார்வைக்கும் திறந்துவிடப்பட்டன. காட்டில் கிடைக்கும் துருப்பிடித்த தகட்டில் ஓர் எண் தெளிவாகத் தெரிந்தால் போதும். ஆயிரக்கணக்கான கோப்புகளில் உரிய கோப்பு தானே எழுந்து வந்து நிற்கும். தாம்ரோ மலையில் கிடைத்த எண் 42-73308. அது 'ஹாட் ஆஸ் ஹெல்' விமானத்தின் எண்.

நமது நாட்டில் இப்படி ஒரு கோப்புமுறை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறதா என்று இந்த இடத்தில் வாசகர்கள் கேட்கக்கூடும். அதற்குப் பின்னர் வருவோம்.

தடயம் கிடைத்த செய்தி அமெரிக்காவில் எட்டுக் குடும்பங்களையும் எட்டியது. அந்த விமானத்தில் வழிகாட்டும் அதிகாரியாகப் பறந்தவரின் சகோதரர் மகன் ஒருவர், வடக்கு கரோலினாவிலிருந்து ஆண்டுக்கணக்கில் இரு நாட்டு அரசுகளுக்கும் மனு அனுப்பினார். 2008-ன் இறுதியில் அமெரிக்க ராணுவத்தின் மீட்புக் குழு அருணாசலத்துக்கு வந்து இடத்தைப் பார்வையிட்டது. அத்துடன் வேலை நின்றது. அடுத்த ஆண்டுகளில் குழுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

காரணத்தை மத்திய அரசு பகிரங்கமாக விளக்கவில்லை என்றாலும் தில்லியில் அதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. அருணாசலத்தைச் சீனா 'தென் திபெத்' என்று உரிமை கோருகிறது. அங்கே வெளிநாட்டவர் செல்லச் சிறப்பு அனுமதி வேண்டும். நம்மவரே செல்வதானாலும் 1873-ம் ஆண்டின் பிரிட்டிஷ் கால ஒழுங்குமுறையின்கீழ் உள்கோட்டு அனுமதிச் சீட்டு பெற வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் அமெரிக்க ராணுவத்தினர் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் தங்கினால் பெய்ஜிங் என்ன சொல்லும் என்ற தயக்கம் அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசுக்கு இருந்ததாகவே அரசியல் நோக்கர்கள் கருதினர். நமது மண்ணில் யார் தோண்டலாம் என்பதை நாமே தீர்மானிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, அண்டை நாட்டின் முகக்குறிப்பைப் பார்த்துத் தீர்மானிப்பது விந்தையான இறையாண்மைதான்.

2012 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனேட்டா தில்லி வந்தார். பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணியுடன் நடந்த பேச்சுகளை ஒட்டி, தேடலை மீண்டும் தொடங்க இந்தியா இசைந்த செய்தி வெளியானது. ஆனாலும் மண்ணைத் தோண்ட மேலும் மூன்றாண்டுகள் ஆயின. 2015 செப்டம்பர் 12 முதல் நவம்பர் 17 வரை அமெரிக்கக் குழு அந்தச் சரிவில் அகழ்வு நடத்தியது. அது சாதாரண வேலையன்று. செங்குத்தான சரிவில் கட்டம் கட்டமாகக் கயிறு கட்டி, மண்ணை வாளி வாளியாக அள்ளிச் சல்லடையில் சலித்து, கல் எது, எலும்பு எது, உருகிய உலோகம் எது என்று பிரிக்க வேண்டும். மழையும் நிலச்சரிவும் எழுபது ஆண்டுகளாக அனைத்தையும் கீழே இழுத்துச் சென்றிருந்தன.

2016 ஏப்ரல் 13 அன்று தில்லி பாலம் விமான தளத்தில் அந்த எச்சங்கள் அமெரிக்கக் கொடி போர்த்திய பெட்டிகளில் ஒப்படைக்கப்பட்டன. 1945 ஜூலையில் விழுந்த 'சி-109' எரிபொருள் விமானத்தில் சென்றவர்களுடையதாக இருக்கலாம் என்று கருதப்பட்ட எச்சங்களும் அவற்றுடன் சென்றன. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ்டன் கார்ட்டர் நிகழ்ச்சியில் பங்கேற்றார். அதற்கு முதல் நாள்தான் இரு நாட்டுப் படைகளும் ஒன்றின் தளங்களை மற்றொன்று எரிபொருள், பராமரிப்புக்காகப் பயன்படுத்திக்கொள்ளும் ஒப்பந்தத்துக்குக் கொள்கையளவில் இசைவு அறிவிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அந்த ஒப்பந்தம் அதே ஆண்டு ஆகஸ்டில் கையெழுத்தானது. பெட்டிகளுக்கும் ஒப்பந்தத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் இறந்தவர்களின் எலும்புகள் வீடு திரும்புவதும் உயிரோடிருக்கும் அரசுகளின் நட்பு நிலவரத்தைப் பொறுத்தே அமைகிறது என்பதை மறுப்பார் இல்லை.

ஹவாய்த் தீவில் உள்ள ஆய்வகத்தில் பரிசோதனைகள் நடந்தன. எட்டுப் பேரில் ஒருவரான முதல் லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டின் அடையாளம் உறுதிசெய்யப்பட்டது. குண்டு வீசும் பொறுப்பில் இருந்தவர் அவர். இறந்தபோது வயது 24. 2017 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் அவரது சொந்த ஊரான கான்கார்டில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். மணிலாவில் உள்ள அமெரிக்கப் போர்க் கல்லறையில், காணாமல்போனோர் பெயர் பொறித்த கற்சுவர் உண்டு. அடையாளம் காணப்பட்டவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு வெண்கலப் பூவைப் பதிப்பது அங்கே வழக்கம்.

இந்தியப் பகுதியில் விழுந்து இன்னும் கணக்கில் வராத அமெரிக்க வீரர்கள் சுமார் 400 பேர் என்று அந்நாட்டுத் தரப்பில் கூறப்பட்டு வந்தது. 2023 நவம்பரில் அருணாசலத்தின் பாசிகாட் நகரில் 'ஹம்ப்' அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முதல்வர் பெமா காண்டுவும் அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டியும் பங்கேற்றனர். காட்டில் பொறுக்கிய என்ஜின் பாகங்கள் இப்போது அங்கே காட்சிப் பொருள்கள்.

அந்த மலைகள் இன்றும் மாறிவிடவில்லை. 2019 ஜூன் 3 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகாவுக்குப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 13 பேருடன் மறைந்தது. செயற்கைக்கோள், கடற்படையின் கண்காணிப்பு விமானம், ஹெலிகாப்டர்கள் என அனைத்தும் ஈடுபட்டும் சிதைவைக் காண எட்டு நாள்கள் ஆயின. 1944-ல் யாரும் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

1971 போரில் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் இரவு நேரத்தில் பாகிஸ்தானுக்குள் ஆழமாகச் சென்று தாக்கின. ஒரு விமானத்துக்கு இருவர்: ஒருவர் விமானி, மற்றவர் வழிகாட்டி. சில திரும்பவில்லை. அப்படித் திரும்பாதவர்களில் ஒருவர் பிளைட் லெப்டினன்ட் ராம் மேத்தாராம் அத்வானி. சுகோய்-7 விமானத்தில் சென்ற பிளைட் லெப்டினன்ட் விஜய் தாம்பேயும் திரும்பவில்லை. 1971 டிசம்பர் 5 தேதியிட்ட பாகிஸ்தான் நாளிதழ் ஒன்று, உயிருடன் பிடிபட்ட இந்திய விமானிகள் என்று வெளியிட்ட பெயர்களில் 'டோம்பே' என்றொரு பெயர் இருந்தது. அவருடைய மனைவி தமயந்தி தாம்பே தேசிய பாட்மின்டன் சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். திருமணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அதன் பிறகு அவரது வாழ்க்கை அமைச்சக வாசல்களில் கழிந்தது.

1979 ஏப்ரல் 12 அன்று மக்களவையில் உறுப்பினர் அமர்சிங் பதாவா எழுப்பிய கேள்விக்கு, வெளியுறவுத் துறை இணை அமைச்சர் சமரேந்திர குண்டு எழுத்து மூலம் பதிலளித்தார். பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாகக் கருதப்படும் 40 வீரர்களின் பெயர்ப் பட்டியல் அவையில் வைக்கப்பட்டது. பின்னாளில் அந்த எண்ணிக்கை 54 ஆனது. 'காணாமல்போன 54 பேர்' என்று நாடு இன்று அறியும் பட்டியல் அதுதான். அதில் நாகசாமி சங்கர் என்ற பிளைட் லெப்டினன்டின் பெயரும் இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நம் தெருவில் கூப்பிடும் பெயர். ஆனால் தமிழகத்திலிருந்து தில்லிக்கு வரும் உறுப்பினர்கள் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துப் பேசி இந்த நிருபர் பல ஆண்டுகளாகக் கேட்டதில்லை.

93,000 பாகிஸ்தான் போர்க் கைதிகள் நம் கையில் இருந்தனர். அவர்கள் அனைவரும் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில் இந்த ஐம்பத்துச் சொச்சம் பேரின் கணக்கைத் தீர்க்காமல் விட்டது எப்படி என்ற கேள்விக்கு எந்த அரசும் நேரான பதில் சொன்னதில்லை. அந்தப் பழி ஒரு கட்சியோடு நிற்பதன்று. 1983-ல் உறவினர்கள் சிலர் பாகிஸ்தான் சென்றனர். 2007 ஜூனில் 14 உறவினர்கள் அந்நாட்டின் பத்துச் சிறைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். எவரையும் காண முடியவில்லை. அப்படி எவரும் எங்களிடம் இல்லை என்பதே இஸ்லாமாபாதின் தொடர்ந்த நிலை. 2011-ல் குஜராத் உயர்நீதிமன்றம் சர்வதேச நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மத்திய அரசு மேல்முறையீடு செய்ய, உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. இரு நாட்டுப் பிரச்சினையை மூன்றாவது மன்றத்துக்குக் கொண்டுசெல்வதில்லை என்ற சிம்லா உடன்பாட்டுக் கொள்கை இங்கே குறுக்கே நிற்கிறது. காஷ்மீருக்காக நாம் போற்றும் கொள்கை, இந்த வீரர்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

இந்த 54 பேரும் பிடிபட்டு உயிருடன் இருந்தனர் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களில் பலர் விமானம் விழுந்த இடத்திலேயே இறந்திருக்கலாம். ஆனால் அதை அறிய ஒரு வழி உண்டு, அதைத் தாம்ரோ மலை காட்டுகிறது. விழுந்த இடம் எது, சிதைவின் எண் என்ன, எலும்பு கிடைத்ததா, அது யாருடையது? 1971-ல் நம் விமானங்கள் விழுந்தது சியாங் போன்ற மனிதர் நுழையாக் காட்டில் அல்ல. சிந்து, பஞ்சாப் சமவெளிகளில், ஊர்களின் அருகில். விழுந்த விமானத்தை நேரில் பார்த்த விவசாயிகள் அங்கே இருந்திருப்பார்கள். சிறைக் கதவைத் திறந்து காட்டச் சொன்ன இந்தியா, விழுந்த இடங்களைக் கூட்டாக அகழ்ந்து பார்ப்போம் என்பதை இரு நாட்டுப் பேச்சுகளில் முன்வரிசைக் கோரிக்கையாக்கவில்லை. அமெரிக்கர் நம்மிடம் கேட்டதும் நாம் தயங்கியதும் பின் இசைந்ததும் அதே கோரிக்கைதான். வியத்நாம் அளவுக்கு ரத்தம் சிந்திய பகைக்குப் பின்னும் ஹனோய் அமெரிக்கக் குழுக்களை அனுமதித்தது.

நமக்குத் தேடத் தெரியாது என்பதும் உண்மையன்று. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டீகரிலிருந்து லே சென்ற ஏ.என்.-12 விமானம் 102 பேருடன் ரோதாங் அருகே மறைந்தது. 2003-ல் மலையேறுவோர் முதல் தடயத்தைக் கண்டனர். அதன் பின் ராணுவம் பலமுறை பனிப்பாறையில் ஏறியது. 2024 செப்டம்பரில் மேலும் நான்கு உடல்கள் கிடைத்தன. அவர்களில் ஒருவர் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தைச் சேர்ந்த இளம் வீரர். 56 ஆண்டுகளுக்குப் பின் சொந்த ஊர் மண்ணுக்கு வந்தார்.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்ததைத் தமிழகம் மறந்திருக்காது. மாதக்கணக்கில் தேடியும் அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டாண்டுகள் கழித்து, சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவைப் படம் பிடித்தது. 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் இதை அறிவித்தது. அந்தப் பகுதியில் வேறு விமானம் விழுந்ததாகப் பதிவு இல்லாததால் அது அந்த விமானமாகவே இருக்க வேண்டும் என்றது அறிக்கை. கடலடியில் மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பார்க்க முடிந்தவர்களுக்கு, சமவெளி வயலில் பார்க்க முடியாமல் போவது கருவிக் குறைவால் அல்ல.

அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் இக்கேள்வி வரும்போதெல்லாம் வெளியுறவு அமைச்சகம் தரும் பதில் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது. கிடைத்துள்ள தகவலின்படி காணாமல்போன பாதுகாப்புப் படையினர் 83 பேர்; அவர்களில் போர்க் கைதிகள் 54 பேரும் அடக்கம்; பாகிஸ்தான் இதை ஒப்புக்கொள்ளவில்லை; அரசு தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. எழுத்து மூலப் பதில் என்பதால் துணைக் கேள்விக்கு இடமில்லை. பதில் மேசையில் வைக்கப்பட்டதும் அவை அடுத்த அலுவலுக்குச் சென்றுவிடும்.

1979 ஏப்ரல் 12-ம் தேதியின் மக்களவை நடவடிக்கைக் குறிப்பை நாடாளுமன்ற நூலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். நாற்பது பெயர்கள். அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெற்ற உறுப்பினரோ, வைத்த அமைச்சரோ இன்று அவையில் இல்லை. உறவினர்களில் பலரும் காலமாகிவிட்டனர். டி.என்.ஏ. ஒப்பிட ரத்த மாதிரி தரக்கூடிய நெருங்கிய சொந்தங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றனர். அந்த மாதிரிகளைச் சேகரித்து வைக்கும்படி அடுத்த கூட்டத்தொடரில் ஓர் உறுப்பினராவது கேட்கலாம். அதற்கு இஸ்லாமாபாதின் அனுமதி தேவையில்லை.